நட்சத்திரக் குறி விழாத வினா

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
உறுப்பினரின் அலுவலகம்.
அவர் டெல்லியில் இருப்பார், நான் இங்கே இருப்பேன்.
அவையில் அவர் கேட்கும் வினாக்களை எழுதுவது என் வேலை.

வினா ஒன்றுக்கு நூற்றைம்பது சொல்.
பதினைந்து நாள் முன்னறிவிப்பு.
வாதம் கூடாது. ஊகம் கூடாது. அடைமொழி கூடாது.
நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாய்
அரைச்சொல்லும் கூடாது.

முதல் பஸ்ஸில் இறங்கி வந்தாள், நாகலூர்ப் பூங்காவனம்.
இருபது கொண்டை ஊசியும் வயிற்றைப் புரட்டியிருக்க வேண்டும்;
தண்ணீர் கேட்டாள், குடித்தாள்,
பிறகுதான் பாலித்தீன் பையைப் பிரித்தாள்.
பாஸ்போர்ட் நகல். ஏஜென்ட்டின் விசிட்டிங் கார்டு.
வாசிக்கத் தெரியாத மொழியில் ஓர் ஒப்பந்தம்,
அடியில் கையெழுத்து மட்டும் தமிழில்:
ப. சேர்வராயன்.

எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவன்.
கிடங்கில் காவல் வேலை என்றுதான் கூட்டிப்போனார்கள்.
மூன்றாம் மாதம் ஒரு படம் அனுப்பினான்:
அளவு பெரிய பூட்ஸ், பச்சை உடுப்பு,
முதுகுக்குப் பின்னால் கரிந்த மரங்கள்.
"அவருக்குக் குளிரே ஆகாது சார்.
மார்கழில எங்க ஊர்லயே ரெண்டு கம்பளி கேப்பாரு."
அப்புறம் போன் இல்லை.
நூற்றுப் பதினாறு நாள், அவள் கணக்கில்.

சொன்னதையெல்லாம் தட்டச்சினேன். நானூற்றுச் சொச்சம் சொல்.
பிறகு வெட்ட ஆரம்பித்தேன்.
கம்பளி போயிற்று.
'ஏமாற்றி' என்பது ஊகம், போயிற்று.
'போர்' வேண்டாம், 'நிலவும் சூழல்' போதும்,
தனி ஆள் பெயரும் வேண்டாம், பொதுவாகக் கேள்
என்றார் டெல்லியிலிருந்து செயலர்.
மலைக்கும் சாமிக்கும் அவனுக்கும் ஒரே பெயர்.
ஒரே விசையில் அழித்தேன்.

மிஞ்சியது:
(அ) இத்தகைய இந்தியர் எத்தனை பேர் என்பதை அரசு அறியுமா;
(ஆ) அறியுமெனில், அதன் விவரம் என்ன;
(இ) அவர்களை மீட்க எடுத்த நடவடிக்கை யாது;
(ஈ) எடுக்கவில்லையெனில், காரணம் யாது?

குலுக்கலில் நட்சத்திரக் குறி விழவில்லை.
விழுந்திருந்தால் அமைச்சர் எழுந்து வாயால் சொல்ல வேண்டும்;
எங்கள் ஆள் அடுத்த கேள்வி கேட்கலாம்,
தடுமாறினால் நாடே பார்க்கலாம்.
இது தாளில் போகும், தாளில் வரும்.

பதில் வந்த அன்று அவளும் வந்திருந்தாள்,
செய்தித்தாளில் பொதிந்த மிளகோடு.
வாசித்துக் காட்டினேன்:
"(அ) முதல் (ஈ) வரை: தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது.
அவையின் மேசைமீது வைக்கப்படும்."

"இதுல அவரு எந்த எழுத்து சார்?"

நான் விளக்கத் தொடங்கினேன்.
சேகரிக்கிறோம் என்று சொன்னாலே அது வாக்குறுதிக் கணக்கு,
அதைக் கண்காணிக்க ஒரு குழு உண்டு,
மூன்று மாதக் கெடு உண்டு,
கெடுவை நீட்டிக்கச் சொல்லும் கடிதமும் உண்டு.
காபிப் பழம் நிறுக்கும்போது
மேஸ்திரியின் கையைப் பார்க்காமல்
தராசு முள்ளையே பார்க்கிற கண்
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தன சொல்லு கேக்கலாம்னீங்க?"
நூற்றைம்பது.
"ஆள் எங்கேன்னு போடுங்க. ரெண்டாச்சு.
மிச்சத்த நீங்களே வச்சிக்கிங்க."

அவள் படியிறங்கிய பிறகு
விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினேன்.
வாதம் இல்லை. ஊகம் இல்லை. அடைமொழி இல்லை.
எந்த நாட்டுக்கும் மரியாதைக் குறைவு இல்லை.
அடுத்த கூட்டத்தொடருக்கு நாற்பது நாள் இருக்கிறது.
இரண்டு சொல்லையும் அடித்து, கீழே
பெயரையும் சேர்த்து அனுப்பினேன்.

செயலர் போன் செய்வார்.
செய்யட்டும்.